நனைந்த துணியும் உயிர் காக்கும்

கப்பல் மூழ்கும் நேரத்தில் உடம்பில் கிடக்கும் சட்டை, ஸ்வெட்டர், பேன்ட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுக் கடலில் குதித்து நீந்த வேண்டும், இல்லாவிட்டால் ஊறிய துணியே ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கொங்கு நாட்டுக் கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் நீச்சல் பழகியவர்களுக்கு இது அனுபவப் பாடமாகவே தோன்றும். டவுசரோடு நீந்துவது எளிது, முழு உடுப்போடு நீந்துவது பெரும்பாடு. கிணற்றுக்கு அது சரி. குளிர்ந்த கடலுக்கு அந்தப் பாடத்தை அப்படியே கொண்டுபோனால் உயிர் போகும். பனியனும் டி-சர்ட்டும் நெய்து உலகத்துக்கு அனுப்பும் திருப்பூரில் ஒரு துணியைப் பற்றி எத்தனையோ கேள்விகள் கேட்கிறோம்: என்ன கவுன்ட் நூல், எத்தனை ஜிஎஸ்எம், சாயம் நிற்குமா, துவைத்தால் சுருங்குமா. நனைந்த பிறகு அந்தத் துணி உடம்புக்கு என்ன செய்யும் என்ற கேள்வி மட்டும் அதிகம் எழுவதில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியை அதன் கடைசி எல்லையில், பனிக்கடலில் விழுந்த மனிதனின் உடம்பில் வைத்துக் கேட்கிறது. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: உடுத்தியதைக் கழற்றாதே, நேரமிருந்தால் இன்னும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள். ஏன் என்று விளங்க, துணியின் கணக்கும் வேண்டும், உடம்பின் கணக்கும் வேண்டும்.

துணியின் கணக்கைத் திருப்பூர் நிட்டிங் ஆலை எதிலும் கிடைக்கும் ஜிஎஸ்எம் கட்டரிலிருந்தே தொடங்கலாம். அந்த வட்டக் கத்தி சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டித் தரும். அதைச் சின்னத் தராசில் வைத்து, காட்டும் கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. சாதாரண டி-சர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சி 1.8 கிராம் காட்டுகிறது, அதாவது 180 ஜிஎஸ்எம், தடிமன் 0.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டம் அடைத்துக்கொள்ளும் இடம் 6 கன சென்டிமீட்டர். பருத்தி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.54 கிராம். ஆக 1.8 கிராம் பருத்திக்கு வேண்டிய இடம் 1.2 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. மிச்சம் 4.8 கன சென்டிமீட்டரும் காற்று. துணி என்று நாம் கிலோ கணக்கில் விற்கும் பொருளில் ஐந்தில் நான்கு பங்கு கொள்ளளவு வெறும் காற்றுதான். பின்பக்கம் பிரஷ் செய்த 280 ஜிஎஸ்எம் ஃப்ளீஸின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால், அதில் காற்றின் பங்கு இன்னும் ஏறி எண்பத்தைந்து சதவீதத்தைத் தாண்டுகிறது. குளிருக்கு இதம் தருவது அந்தக் காற்றுதான். அது நகர்ந்துவிடாமல் லூப்புகளுக்குள் கட்டிப்போட்டு வைப்பது இழையின் வேலை.

காற்றுக்கு ஏன் இந்த மதிப்பு? அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் அதைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஒரே கொள்ளளவுள்ள காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடேற்ற வேண்டுமானால், நீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை விழுங்கும். மார்கழி விடியலில் திருப்பூரில் 18, 19 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒரு பனியனோடு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். அதே 18 டிகிரி கடல்நீரில் என்ன நடக்கும் என்பதற்கு 1963 டிசம்பர் 22 இரவு மதேரா தீவுக்கு அருகில் தீப்பிடித்த லகோனியா என்ற சுற்றுலாக் கப்பல் சான்று. அங்கே கடல்நீரின் வெப்பநிலை சுமார் 18 டிகிரி. 128 பேர் இறந்தார்கள். தண்ணீரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் உயிர்காப்புச் சட்டை அணிந்து மிதந்தவர்கள். அவர்களைக் கொன்றது குளிர்தான் என்று அந்தச் சாவுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உடலியலாளர் டபிள்யூ. ஆர். கீட்டிங் காட்டினார். உடையில்லாமல் அசையாது கிடக்கும் மனித உடல் வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமானால், தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள எந்தத் தண்ணீரும், மெல்லவோ விரைவாகவோ, நம்மிடமிருந்து வெப்பத்தைப் பறித்துக்கொண்டே இருக்கும்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். துணி தரும் இதமெல்லாம் காற்றால் வருவது என்றால், தண்ணீரில் விழுந்ததும் அந்த 4.8 கன சென்டிமீட்டர் காற்று வெளியேறி 4.8 கிராம் நீர் உள்ளே புகுந்துவிடுமே; பிறகு துணி இருந்தென்ன, இல்லாமல் என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்கிறது பழமொழி. குளிர்ந்த கடலில் சாணுக்கும் முழத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதைப் பார்க்க, அங்கே மனிதன் எதனால், எந்த வரிசையில் சாகிறான் என்று தெரிய வேண்டும்.

1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் மூழ்கியபோது கடல்நீர் உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 2 டிகிரியில் இருந்தது. உப்புநீர் என்பதால் அது உறையவில்லை. தண்ணீரில் விழுந்தவர்களில் ஏராளமானோர் தக்கை வைத்த உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்தார்கள். கடலும் அலையின்றிக் கிடந்தது. ஆனாலும் கார்பேதியா கப்பல் 4 மணியளவில் வந்து சேர்வதற்கு வெகுநேரம் முன்பே தண்ணீரிலிருந்து வந்த கூக்குரல்கள் அடங்கிவிட்டன. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். அன்றைய ஆவணங்கள் அவர்கள் மூழ்கி இறந்ததாகவே எழுதின. பிற்காலத்தில், கடலில் விழுந்தவர்கள் எல்லாரும் உடல் வெப்பம் இறங்கி, விறைத்தே செத்தார்கள் என்ற விளக்கம் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டு விளக்கங்களும் முழுமையில்லை என்று காட்டின. இங்கிலாந்தின் ஃபிராங்க் கோல்டனும் மைக் டிப்டனும் குளிர்நீர்ச் சாவை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள்: விழுந்த சில நிமிடங்கள், அடுத்த அரை மணி நேரம், அதற்குப் பிந்தைய நீண்ட நேரம், கடைசியாக மீட்கப்படும் தருணம். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதையே எல்லோர் நினைவிலும் நிற்கும்படி மூன்று எண்களாகச் சுருக்கினார்: ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம்.

அந்த முதல் நிமிடம் மூச்சைப் பற்றியது. 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீர் தோலில் பட்டதும், நம் விருப்பத்தைக் கேட்காமலே நுரையீரல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த ஒரு மூச்சில் இரண்டு, மூன்று லிட்டர் காற்று போகும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் கடல் உள்ளே போகும். அடுத்த இரண்டு, மூன்று நிமிடங்களுக்கு மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இதயநோய் உள்ளவர் அங்கேயே விழுந்துவிடலாம். இதைத் தாண்டியவருக்கு அடுத்த பத்து நிமிடம் கைகால்களைப் பற்றியது. உறைநிலை நீரில் அதற்குள் விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது, கொக்கி மாட்ட முடியாது. எத்தனை பெரிய நீச்சல்காரனும் கை ஓய்ந்து மூழ்குவது இந்தக் கட்டத்தில்தான், உடம்பின் உள்வெப்பம் அதிகம் இறங்குவதற்கு முன்பே. மூன்றாவது எண்ணான ஒரு மணி நேரம், மிதந்துகொண்டிருப்பவர் நினைவிழக்க ஆகும் காலம். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்கு வந்தால் குளிர்விறைப்பு தொடங்குகிறது. 30ஐ ஒட்டி நினைவு போகும். 28க்குக் கீழே இதயம் தாளம் தப்பும் ஆபத்து. விறைப்புச் சாவு நாம் நினைப்பதைவிட மெதுவாகவே வருகிறது. அதற்கு முந்தைய இரண்டு கட்டங்களே ஆளை முந்திக்கொண்டு அடிக்கின்றன.

இப்போது துணியை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். முதல் நிமிடத்தின் அதிர்ச்சி, தோல் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே போட்ட உடை நீர் உள்ளே புகுவதைச் சில நொடிகளாவது தாமதிக்கிறது. அந்தச் சில நொடிகளே மூச்சுத் தடுமாற்றத்தின் வீச்சைக் குறைக்கப் போதும். அடுக்கடுக்காகப் போட்ட உடைக்குள் காற்று குமிழாகச் சிக்கி நிற்பதால், அந்த நேரத்தில் உடையே ஆளை மிதக்கவும் வைக்கிறது. பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்என்எல்ஐ இதனால்தான், தண்ணீரில் விழுந்தால் நீந்த முயலாதே, மல்லாந்து மித, மூச்சு சீராகட்டும் என்று பிரசாரம் செய்கிறது. இரண்டாம் கட்டத்தில் கையுறையும் நீண்ட கையுள்ள சட்டையும் முன்கைத் தசையும் நரம்பும் குளிர்வதைத் தள்ளிப்போடுகின்றன. மூன்றாம் கட்டத்துக்கு நேரடிச் சோதனையே இருக்கிறது. கீட்டிங் 1961இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களைக் குளிர்நீரில் இறக்கி, உடையோடும் உடையில்லாமலும், அசையாமலும் வேலை செய்தபடியும் அவர்களின் உள்வெப்பத்தை அளந்தார். உடை உள்வெப்பம் இறங்குவதை மட்டுப்படுத்தியது. கைகால்களை உதைத்து வேலை செய்தது, சூடேற்றுவதற்குப் பதிலாக, மெலிந்தவர்களை இன்னும் வேகமாகக் குளிரவைத்தது.

முழுக்க ஊறிய துணி எப்படி உதவுகிறது என்பதற்கான இயற்பியல் எளிதானது. உடம்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் உடம்பின் வெப்பத்தை வாங்கிச் சற்றே சூடாகிறது. வெற்றுடம்பில் ஒவ்வொரு அலையும் அசைவும் அந்தப் படலத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் புதிய குளிர்நீரைக் கொண்டுவந்து வைக்கும். துணிக்குள் சிக்கிய நீர் அவ்வளவு எளிதில் இடம் மாறாது. காற்றைக் கட்டிப்போட்ட அதே லூப்புகள் இப்போது நீரைக் கட்டிப்போடுகின்றன. நீர் நல்ல கடத்தி என்பதால் இந்தத் தடை சிறியதுதான். ஆனால் தண்ணீருக்குள் ஓர் உடம்புக்கு வெளியே கிடைக்கும் மொத்தத் தடையே சிறிதாக இருக்கும்போது, அதோடு சேரும் சிறிய பங்கும் கணக்கில் வரும். பெரிய தடை வேண்டுமானால் மறுபடியும் வாயுவிடமே போக வேண்டும். கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் முக்குளிப்போருக்கான ஈர உடையை வடிவமைத்தபோது கண்ட உண்மை இதுதான்: ஆள் நனையாமல் இருக்க வேண்டிய அவசியமில்லை, உடைக்குள் வாயு நனையாமல் இருந்தால் போதும். நியோபிரீன் ரப்பரில் ஒன்றோடொன்று இணையாத நுண்குமிழ்களாக வாயு அடைபட்டிருக்கிறது. எவ்வளவு ஊறினாலும் அது வெளியேறாது. அந்த ரப்பர் கிழியாமலும் எளிதாக அணியும்படியும் அதன் மேல் ஒட்டப்படுவது நைலான் அல்லது பாலியஸ்டர் நிட்டிங் துணி. திருப்பூருக்குத் தெரிந்த அதே ஜெர்சிதான்.

துணி ஆளைக் கீழே இழுக்கும் என்ற வாதத்துக்கு ஆர்க்கிமிடீஸ் பதில் சொல்லட்டும். நம் ஜிஎஸ்எம் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1.8 கிராம் பருத்தி 1.17 கன சென்டிமீட்டர் கடல்நீரை விலக்குகிறது. அந்த நீரின் எடை 1.2 கிராம். மூழ்கிய நிலையில் அந்தத் துணியின் நிகர எடை வெறும் 0.6 கிராம். அது உறிஞ்சிய 4.8 கிராம் நீர், தண்ணீருக்குள் தண்ணீர் என்பதால், எடையே காட்டாது. இதே கணக்கில் ஜீன்ஸ், ஹூடி, டி-சர்ட் என்று இரண்டு கிலோ பருத்தி உடையோடு விழுந்தவரை அது கீழே இழுக்கும் விசை முக்கால் கிலோவுக்கும் குறைவு. பெரியவர்களுக்கான கடல் உயிர்காப்புச் சட்டையொன்றின் மிதப்பு விசை 15 கிலோ அளவுக்கு இருக்கும். ஊறிய துணி கனக்கிறது என்ற உணர்வு பொய்யில்லை. அது தண்ணீரை விட்டு வெளியே வரும்போது, கரையேறும்போதும் படகில் ஏறும்போதும் உண்மையாகிறது. சாயப்பட்டறையில் தொட்டியிலிருந்து ஈரத்துணியைத் தூக்கி, நீரைப் பிழியும் ஹைட்ரோ இயந்திரத்தில் போடுபவருக்கு அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

எடை இல்லை என்றாலும் இழுவை இருக்கிறதே, உடையோடு வேகமாக நீந்த முடியாதே என்று அடுத்த ஆட்சேபம் வரும். அது உண்மை. ஆனால் குளிர்நீரில் நீந்துவதே பெரும்பாலும் தவறான உத்தி. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹேவர்டும் சகாக்களும் 1970களில் 10 டிகிரி கடல்நீரில் செய்த சோதனைகளில், உயிர்காப்புச் சட்டையும் சாதாரண உடையும் அணிந்து அசையாமல் மிதப்பவர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாக்குப்பிடிப்பார் என்று கணித்தார்கள். நீந்தினால் உடல் குளிரும் வேகம் சுமார் 35 சதவீதம் கூடியது. முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை விலாவோடு ஒடுக்கி, அக்குள், விலா, தொடையிடுக்கு ஆகிய வெப்பம் கசியும் இடங்களை மூடிக்கொண்டு மிதந்தால், தாக்குப்பிடிக்கும் நேரம் பாதியளவு கூடியது. பலர் நெருங்கி அணைத்துக்கொண்டு மிதந்தாலும் அதே பலன். நீச்சலடிக்கும்போது ரத்தம் கைகால்களுக்கு ஓடுகிறது, கடல் அந்த ரத்தத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கரை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவரை, நீந்துவதற்கு வசதியாக உடையைக் கழற்றுவது இரட்டை நஷ்டம்.

நீந்தியே பிழைத்த மனிதன் இல்லையா? இருக்கிறார். 1984 மார்ச்சில் ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளுக்கு அருகே ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் குட்லாகுர் ஃப்ரித்தோர்சன் மட்டும் 5, 6 டிகிரி நீரில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நீந்தி, எரிமலைப் பாறைகள் மேல் நடந்து வீடு சேர்ந்தார். கீட்டிங் பின்னர் அவரை லண்டனில் சோதித்துப் பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரமும் 120 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட அவர் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு அடுக்கு இருந்தது. தசையைவிடக் கொழுப்பு வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும், நனைந்தும் போகாது. வாழ்நாள் முழுக்கக் கழற்ற முடியாத ஓர் ஈர உடையை அவர் போட்டிருந்தார் என்று சொல்லலாம். அதோடு சட்டையும் ஸ்வெட்டரும் ஜீன்ஸும் அன்று அவர் உடம்பில் இருந்தன. இந்த வழக்கு நம் வாதத்தை உடைக்கவில்லை. மெலிந்த உடம்புக்கு உடை இன்னும் அதிகம் வேண்டும் என்பதையே காட்டுகிறது.

பருத்தியைப் பற்றிய ஆட்சேபம்தான் திருப்பூருக்கு நேரடியாக உறைப்பது. மலையேறுவோர் பருத்தியை எமன் என்பார்கள். கம்பளியும் பாலியஸ்டரும்தான் நனைந்தாலும் காக்கும் என்பார்கள். இதில் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் கழுத்தளவு மூழ்கிக் கிடக்கும்போது எந்தத் துணியானாலும் துவாரங்கள் எல்லாம் நீரால் நிரம்பிவிடுகின்றன. அங்கே ஒரே தடிமனுள்ள பருத்திக்கும் கம்பளிக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை. வித்தியாசம் எல்லாம் தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றில் உட்காரும்போது எழுகிறது. பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே ஏற்கும். சாதாரண ஈரப்பதத்தில் கூடத் தன் எடையில் 8 சதவீதம் நீரை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. ஊறிய பருத்தி தொய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடம் விடாது. கம்பளி இழை பருத்தியைவிட அதிக நீரை உள்ளே வாங்கினாலும் அதன் சுருள் எழும்பியே நிற்பதால் உள்ளே காற்று மீளும். பாலியஸ்டர் ஃப்ளீஸை உதறினாலே நிறைய நீர் போய்விடும்.

வெளியே வந்த ஈரப்பருத்தி எவ்வளவு வெப்பம் கேட்கும் என்று கணக்குப் போடலாம். சொட்டி முடிந்த டி-சர்ட்டில் 300 கிராம் நீர் மிஞ்சியிருக்கிறது என்போம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேண்டும். 300 கிராமுக்கு 720 கிலோஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த ஒரு சட்டை உடம்பின் சூட்டிலேயே காய வேண்டுமானால் உடம்பின் இரண்டு மணி நேர உற்பத்தி முழுவதும் அதற்கே போய்விடும். காற்று அடிக்க அடிக்க அந்தக் கொள்ளை வேகம் எடுக்கும். அதற்கான மாற்று சட்டையைக் கழற்றி எறிவது இல்லை. கழற்றிப் பிழிந்து உடனே மீண்டும் போட்டுக்கொண்டு, அதன் மேல் காற்றுப் புகாத ஏதாவதொன்றை, பிளாஸ்டிக் விரிப்போ தார்ப்பாயோ, சுற்றிக்கொள்ள வேண்டும். காற்றை மறித்தால் ஆவியாதல் நின்றுபோகும், ஈரமும் பொறுக்கக்கூடியதாகும்.

இந்தியர்களின் கடல் வரலாற்றில் இதற்குக் கசப்பான ஒரு சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில், 1940 செப்டம்பர் 17 இரவு, பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலை வட அட்லாண்டிக்கில் யு-48 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. பெயரே நம் காசியின் பெயர்; ஊழியர்களில் பெரும்பகுதி லாஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள். அரசுத் திட்டத்தில் அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள், லாஸ்கர்களும் பெருந்தொகையாக மாண்டார்கள். புயல்காற்றில் இறக்கப்பட்ட உயிர்காப்புப் படகுகள் பலவற்றில் நீர் நிறைந்துவிட்டது. மெல்லிய பருத்தி உடையில் இருந்த மாலுமிகளும் இரவு உடையில் இருந்த சிறுவர்களும் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடியே அன்றிரவில் விறைத்துப்போனார்கள். நீர் நிறையாத 12ஆம் எண் படகோ எட்டு நாள் கடலில் அலைந்தது. அதில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். ஏறக்குறைய அனைவரும் பிழைத்தார்கள். ஒரே கடல், ஒரே குளிர், ஒரே மெல்லிய உடை. நீருக்கு வெளியே இருந்ததும் படகில் இருந்த கித்தான் துணியின் மறைவும் விதியை மாற்றின. டைட்டானிக் இரவிலும், கவிழ்ந்த படகின் முதுகில் ஈர உடையோடு நின்ற சுமார் முப்பது பேர் பிழைத்ததும் இதே காரணத்தால்தான். வெளியே காற்றடிப்பதால் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று தோன்றும் எண்ணம் ஏமாற்று. எவ்வளவு உடம்பை நீருக்கு வெளியே ஏற்ற முடியுமோ அவ்வளவும் லாபம்.

சாராயம் குடித்தால் குளிர் தாங்கும் என்ற நம்பிக்கைக்கும் டைட்டானிக்கில் ஓர் ஆதாரம் காட்டுவார்கள். கப்பலின் தலைமை ரொட்டிக்காரர் சார்லஸ் ஜோகின் குடித்திருந்ததால்தான் நீண்ட நேரம் நீரில் கிடந்தும் பிழைத்தார் என்பது அந்தக் கதை. மது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, சூடான ரத்தத்தைக் கடலுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும். நடுக்கத்தைக் குறைத்து உடம்பின் வெப்ப உற்பத்தியையும் கெடுக்கும். குளிர் தெரியாமல் போவதும் குளிராமல் இருப்பதும் வேறு வேறு. பிழைத்த ஒருவரின் வாக்குமூலம், குடித்திருந்தும் இறந்தவர்களின் கணக்கைச் சொல்லாது.

நம் கடல் சூடான கடல், இதெல்லாம் நமக்கு எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரையைத் தாக்கியபோது, தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் படகு கவிழ்ந்து நாள்கணக்கில் நீரில் கிடந்தார்கள். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவேயில்லை. அந்தக் கடல் ஏறக்குறைய 28 டிகிரி. மூச்சை அடைக்கும் அதிர்ச்சி அங்கே இல்லை. ஆனால் 33 டிகிரிக்குக் கீழே என்பதால் வெப்பக் கசிவு ஓயாமல் நடக்கும். மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும் இரவில், சோறும் நீரும் இல்லாத உடம்பால் அந்தக் கசிவை ஈடுகட்ட முடியாது. குளிர்நீரும் நம் நாட்டில் இல்லாமலில்லை. 2024 ஜூனில் லடாக்கின் ஷியோக் ஆற்றில் திடீரெனப் பெருகிய பனிநீரில் சிக்கி ஐந்து ராணுவ வீரர்கள் இறந்தார்கள். உலகக் கப்பல்களில் வேலை செய்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தியர். அவர்களில் தமிழர்களும் நிறைய உண்டு, வட கடல்களில் அவர்கள் எல்லாப் பருவத்திலும் இருக்கிறார்கள்.

உடையைக் கழற்றியே விட வேண்டிய நேரம் ஒன்றே ஒன்றுதான்: காற்றும் நீரும் புகாத இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு. அப்போதும் ஆளை நிற்கவைத்துக் கழற்றாமல், படுக்கவைத்து, தேவையானால் துணியை வெட்டி எடுத்து, உலர்ந்த கம்பளியால் சுற்ற வேண்டும். நீண்ட நேரம் நீரில் கிடந்தவரின் கால்களையும் வயிற்றையும் சுற்றியிருந்த நீரின் அழுத்தம், ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அவரைச் செங்குத்தாகத் தூக்கினால் அந்த அழுத்தம் சட்டென்று விலகி, ரத்த அழுத்தம் சரிந்து, மீட்புக் கயிற்றிலேயே உயிர் போகலாம். கோல்டனும் டிப்டனும் சொன்ன நான்காம் கட்டம் இதுதான். முடிந்தவரை கிடைமட்டமாகத் தூக்குவதும், உடம்பைத் தேய்க்காமல் மெல்லச் சூடேற்றுவதும் இதற்காகவே.

டைட்டானிக்குக்குப் பின் 1914இல் பிறந்த சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமும் இன்று இதே முடிவில்தான் நிற்கிறது. அதன் கீழ் வரும் விதிகளின்படி, வெப்பக்காப்புள்ள முழுக்கு உடை அணிந்தவரின் உள்வெப்பம் 0 முதல் 2 டிகிரி நீரில் ஆறு மணி நேரம் கிடந்தாலும் 2 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. தனக்கென வெப்பக்காப்பு இல்லாத உடையாக இருந்தால், கதகதப்பான உடைகளுக்கு மேலேதான் அதை அணிய வேண்டும் என்று அதன் மீதே எழுதியிருக்க வேண்டும். உள்ளே போடும் அந்தக் கதகதப்பான உடை, திருப்பூர் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஏற்றுமதி செய்யும் தெர்மலும் ஃப்ளீஸும்தான். நம் ஆய்வகங்கள் துணியின் சாயத்தையும் சுருக்கத்தையும் பிழையின்றி அளக்கின்றன. அதே துணி நனைந்து பிழிந்த பிறகு எவ்வளவு தடிமன் மீள்கிறது, எவ்வளவு நீரை வைத்துக்கொள்கிறது, காற்றில் எவ்வளவு வெப்பம் இழக்கிறது என்று அளக்க வேறு எந்த ஊரைவிடவும் வசதியும் திறமையும் திருப்பூரில் இருக்கிறது. ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகும் தூத்தூர் மீனவருக்கு, நீரைச் சட்டென்று வடியவிடும் உள்சட்டையும் காற்றை மறிக்கும் மெல்லிய மேலுறையும் கொண்ட மலிவான ஓர் உடையை வடிவமைப்பது இந்தத் தொழிலுக்குப் பெரிய காரியமில்லை. அதைச் செய்ய வேண்டும். வாசகர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. படகோ கப்பலோ ஏறும் நாளில் உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆபத்து வந்தால் கிடைத்த உடையெல்லாம் போட்டு, அதன் மேல் அதை இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுக்காகக் காத்திருங்கள், முழங்காலை மடக்கி மிதந்திருங்கள், எதையாவது பற்றி மேலே ஏறுங்கள். உடுத்திய துணியை மட்டும் கடலில் விட்டுவிடாதீர்கள்.